உப்பில்லாத உப்புக்கண்டம்: நாய்க்கும் பூனைக்கும் வீட்டிலேயே உலர் ட்ரீட்

போன கத்திரி வெயிலில் மேல்வீட்டு அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வற்றல் காயப்போட மொட்டை மாடிக்கு வந்தவர், எங்கள் வீட்டு நாய் ராகிக்காக நான் கோழிக்கறியை டீஹைட்ரேட்டரில், அதாவது சூடான காற்றால் உலர்த்தும் மெஷினில், உலர்த்துவதைக் கேள்விப்பட்டு, "இந்த வெயில்ல ரெண்டு நாள் போட்டா அது தானா காஞ்சிட்டுப் போகுது. இதுக்கு எதுக்குப்பா மெஷின்?" என்றார்.

நியாயமான கேள்வி. காயவைத்துச் சேமிப்பது நமக்குப் புதிதா என்ன? கடலோரத்தில் கருவாடு, உள்நாட்டில் ஆட்டுக்கறி உப்புக்கண்டம், வீட்டுக்கு வீடு மோர்மிளகாய், சுண்டை வற்றல், கூழ் வடகம். இவ்வளவு தெரிந்த கைக்கு நாய்க்கு ஒரு கோழித்துண்டு உலர்த்துவது பெரிய காரியமா என்று யாருக்கும் தோன்றும்.

அக்காவுக்கு அன்று நான் சொன்ன பதிலில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று உப்பு, இன்னொன்று அடுப்பு. நம் ஊர் உலர் உணவு எதை எடுத்தாலும் அதில் உப்பு நிறைய இருக்கும். சாப்பிடும் முன் அது இன்னொரு முறை அடுப்பைப் பார்க்கும். கருவாட்டை அலசிக் குழம்பு வைக்கிறோம், உப்புக்கண்டத்தை எண்ணெயில் பொரிக்கிறோம், வடகமும் அப்படித்தான். காயும்போது ஏதாவது கிருமி தப்பித்திருந்தாலும் அந்த இரண்டாவது சூட்டில் செத்துப்போகும். நாய்க்கும் பூனைக்கும் செய்யும் ட்ரீட்டில் உப்பு போட முடியாது. டப்பாவைத் திறந்து அப்படியே கையில் எடுத்துக் கொடுப்பதால் இரண்டாவது அடுப்பும் கிடையாது. அப்படியானால் உப்பு செய்த வேலையையும் அந்தக் கடைசி அடுப்பு செய்த வேலையையும் நாம் முன்னாலேயே வேறு வழியில் செய்து முடித்துவிட வேண்டும். இதைப் புரிந்துகொண்டவருக்கு அளவும் நேரமும் தானாகப் பிடிபடும். புரியாமல் செய்முறையை மட்டும் மனப்பாடம் செய்தால் என்றாவது ஒருநாள் தவறும்.

காய்ந்தது என்றால் என்ன

பச்சைக் கோழிக்கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கறியைக் கெடுக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் உயிர்வாழ அந்தத் தண்ணீர்தான் வேண்டும். உலர்த்துவது என்றால் அந்தத் தண்ணீரை அவற்றிடமிருந்து பறிப்பது. ஆனால் ஒரு பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமியின் கைக்கு எட்டும் என்பதுதான் முக்கியம். தேனைப் பாருங்கள். ஊற்றினால் ஓடுகிறது, அதில் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் கெடுவதில்லை. அந்தத் தண்ணீரைச் சர்க்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கிருமிக்குக் கொடுப்பதில்லை.

இந்தக் 'கைக்கு எட்டும் தண்ணீரை' உணவு விஞ்ஞானிகள் 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1. பச்சைக்கறிக்குக் கிட்டத்தட்ட 0.99. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.91-க்கு மேல் இருந்தால்தான் பெருக முடியும். கொஞ்சம் முரட்டு ஆளான ஸ்டஃபைலோகாக்கஸ் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சைகள் இன்னும் கீழே இறங்கி 0.7 பக்கம் வரைகூட வளரும். 0.6-க்குக் கீழே போய்விட்டால் எதுவும் வளராது. தேன் அந்த எல்லையில்தான் நிற்கிறது.

இப்போது உப்பைப் பாருங்கள். உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த உப்புத் தண்ணீரின் எண் 0.75. அதனால்தான் கருவாடு கொஞ்சம் நெகிழ்வாக, கையால் வளைக்கிற பதத்தில் இருந்தாலும் கெடாமல் கிடக்கிறது. அதில் தண்ணீர் இருந்தாலும் உப்பு அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தக் கருவாட்டில் எடைக்கு 10 சதவீதத்துக்கும் மேல் உப்பு இருப்பது சாதாரணம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு அது ட்ரீட் அல்ல, தண்டனை. அலசிவிட்டுக் கொடுத்தாலும் உள்ளே ஊறிய உப்பு முழுசாகப் போகாது. கருவாட்டு வாசனைக்குப் பூனை ஓடிவருவது உண்மைதான். அதற்காகக் கொடுத்துவிடக் கூடாது.

உப்பு இல்லையா, சரி, அப்படியானால் தண்ணீரே மிச்சமில்லாத அளவுக்குக் காயவைக்க வேண்டும். வளைகிற பதம் நமக்குப் போதாது. உடைகிற பதம் வேண்டும். கடையில் விற்கும் ஜெர்க்கி என்ற உலர்கறித் துண்டு மெத்தென்று வளைகிறதே என்று கேட்டால், அதைக் கெடாமல் பார்த்துக்கொள்ள கிளிசரின் போன்ற பொருள்கள் சேர்த்திருப்பார்கள். வீட்டில் அந்த மென்மையைக் கொண்டுவர முயன்றால் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். தெரியாமல் உள்ளே ஈரம் மிஞ்சினாலும் இதே கதிதான், எனக்கே ஆகியிருக்கிறது. ஒரு ஐப்பசி மழையில் செய்த அரைக்கிலோ கறித்துண்டு, டப்பாவில் வைத்த ஐந்தாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்திருந்தது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். புள்ளியைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாமே என்று நினைக்காதீர்கள். பூஞ்சை சுரக்கும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, சூடாக்கினாலும் போகாது.

அடுப்பு முதலில்

டீஹைட்ரேட்டர் வாங்கிய புதிதில் நானும், பச்சைக்கறியை உள்ளே வைத்து 60 டிகிரியில் எட்டு மணி நேரம் ஓட்டினால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்றுதான் நினைத்தேன். சாகாது. ஏன் என்பதை மண்பானையை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

வெளியே 38 டிகிரி கொளுத்தும்போதும் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகிறபோது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கறித்துண்டிலும் இதேதான் நடக்கிறது. டீஹைட்ரேட்டருக்குள் காற்று 60 டிகிரியில் இருந்தாலும், துண்டின் மேல் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை துண்டு அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். மணிக்கணக்கில் அப்படி வெதுவெதுப்பாகக் கிடப்பது பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த நிலைமை. துண்டு காய்ந்து சூடேறும் நேரத்தில் இன்னொன்று நடக்கிறது. ஈரம் இழந்த சால்மோனெல்லா போன்ற கிருமிகள், ஈரமாக இருந்தபோது தாங்காத சூட்டை இப்போது தாங்கப் பழகிவிடுகின்றன. ஆக, காயவைப்பதால் கிருமி பெருகாமல் உறங்கும், அவ்வளவுதான். நாயின் வயிற்றில் ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும்.

அமெரிக்க வேளாண்துறை மனிதர்கள் சாப்பிடும் ஜெர்க்கிக்குச் சொல்லும் விதி எளிமையானது. கோழி, வான்கோழி என்றால் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ், மற்ற இறைச்சி என்றால் 71 டிகிரி வரும்வரை முதலில் ஈரச்சூட்டில் வேகவை. பிறகு உலர்த்து. நாய்க்கும் அதையே பின்பற்றுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நம் வீட்டில் இதற்கென்றே செய்த மாதிரி ஒரு பாத்திரம் இருக்கிறது, இட்லிப் பானை. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டிய கறியை இட்லித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, தண்ணீர் கொதித்து ஆவி வந்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மூடி வைத்தால் நூறு டிகிரி ஆவி உள்ளே வரை பாய்ந்துவிடும். நடுவில் ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு எங்கும் தெரியக்கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தண்ணீரில் போட்டு வேகவைப்பதைவிட ஆவியில் வேகவைப்பதை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் பூனை. டாரின் என்ற ஒரு சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவுக்குச் செய்துகொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இதயத் தசை பலவீனமாகிப் பெருத்துவிடும் என்பது 1987-இல் தெரியவந்தது. டாரின் தண்ணீரில் கரையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து போகும். இட்லிப் பானை அடியில் சொட்டிய சாற்றை நான் கொட்டுவதில்லை, ஆறவைத்து அன்றைய சாப்பாட்டில் ஊற்றிவிடுகிறேன்.

"நாய்க்கு என்ன, பச்சைக்கறிதான் அதுக்கு இயற்கை" என்பவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். ஆட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் சில நேரம் நீர்க்கட்டிகள் இருக்கும். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் அது. அந்தக் கட்டியைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, மலத்தோடு முட்டை வெளியேறி, நாயைக் கொஞ்சிய கை வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குப் போய், மனித ஈரலில் அதே நீர்க்கட்டியை உண்டாக்கும். நம் நாட்டில் இது அரிதான நோய் அல்ல. கறிக்கடைக் கழிவைத் தெருநாய்க்கு வீசும் இடங்களிலெல்லாம் இந்தச் சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, பறவைக் காய்ச்சல். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு பூனை எச்5என்1 வைரஸால் இறந்தது. அது சாப்பிட்டது உறைநிலையில் விற்ற பச்சை வான்கோழி உணவு. உறையவைப்பதும் உறையவைத்து உலர்த்துவதும் இந்த வைரஸைக் கொல்லும் என்று நம்ப முடியாது. வேகவைப்பது கொல்லும்.

எதை எடுப்பது

முதல்முறை செய்பவர்கள் கோழி நெஞ்சுக்கறியில் தொடங்குங்கள். கொழுப்பு குறைவு, எலும்பு இல்லை, வெட்டுவதும் சுலபம். கொழுப்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்றால், கொழுப்பு காயாது. தண்ணீர் போனபிறகும் அது அங்கேயே இருந்து, காற்றுப் பட்டுப் பட்டு, பழைய எண்ணெயில் வருமே ஒரு சிக்கு வாடை, அது வந்துவிடும். தோல், மஞ்சள் கொழுப்பு, நரம்பு எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

நெஞ்சுக்கறியைவிட எனக்குப் பிடித்தது ஆட்டு நுரையீரல். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும். உள்ளே முழுக்கக் காற்றறைகள் என்பதால் காய்ந்ததும் பஞ்சு மாதிரி எடையற்று, கடித்தால் அப்பளம் போல் நொறுங்கும். பல் போன கிழட்டு நாய்க்குக்கூடக் கொடுக்கலாம். கொழுப்பும் மிகக் குறைவு. கடையிலேயே நன்றாகப் பார்த்து, முண்டு முண்டாகவோ நீர் கோத்தோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நன்றாக இருப்பதையும் மேலே சொன்ன காரணத்துக்காக இருபது நிமிடமாவது ஆவியில் விடுங்கள்.

ஈரலுக்கு நாயும் பூனையும் உயிரையே கொடுக்கும். ஆனால் அதுதான் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய பொருள். ஈரலில் வைட்டமின் ஏ குவிந்து கிடக்கிறது. 100 கிராம் பச்சைக் கோழி ஈரலில் சுமார் 11,000 யூனிட், மாட்டு ஈரலில் அதைவிட அதிகம். உலர்த்தினால் தண்ணீர் மட்டும்தான் போகிறது, வைட்டமின் அதே துண்டுக்குள் சுருங்கி உட்கார்ந்துகொள்கிறது. இந்த வைட்டமின் கூடினால் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே சேரும். மாதக்கணக்கில் தினமும் ஈரலாகவே தின்று வளர்ந்த பூனைகளுக்குக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் போவதைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்காக ஈரலே வேண்டாம் என்பதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, நாய்க்குச் சுண்டுவிரல் நகத்தளவு ஓரிரு துண்டு, பூனைக்கு அதில் பாதி. புதிதாக ஒன்றைப் பழக்கும்போதோ மருந்து கொடுத்தபிறகோ மட்டும் எடுத்தால் ஈரல் துண்டின் மதிப்பும் கூடும்.

பூனைக்கு மீன் என்றால் நெத்திலி. பச்சை நெத்திலியை ஐஸில் வைத்து விற்பவரிடம் வாங்கி, தலையும் குடலும் கிள்ளி, ஐந்தாறு நிமிடம் ஆவியில் வைத்து, உடையும் பதத்துக்கு உலர்த்தினால் அதன் எலும்பும் நொறுங்கிவிடும். இங்கே இரண்டு எச்சரிக்கை. சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழக்கும். மற்றது வேகவைத்தாலும் தீராதது. மத்தி, அயிலை, சூரை, நெத்திலி போன்றவை சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. மாலை வரை ஐஸ் இல்லாமல் கூடையில் கிடந்த மீனை மலிவு என்று வாங்கி ட்ரீட் செய்யாதீர்கள்.

நாய்க்கு மட்டும் இன்னொன்று, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கழுவி, தோலோடு விரல் கனத்தில் நீள நீளமாக வெட்டி, ஆவியில் அரைவேக்காடு வைத்து உலர்த்தினால் கடித்து இழுக்க நல்ல பண்டம். மஞ்சள் பூசணியும் ஆகும், ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பதால் கடைசியில் மிஞ்சுவது ஒரு கைப்பிடிதான். பூனை இதில் எதையும் மதிக்காது. அது பிடிவாதம் அல்ல. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு பூனை இனத்தில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். கிழங்கின் இனிப்பு அதன் நாக்குக்குத் தெரியவே தெரியாது. அந்த ஆரஞ்சு நிறச் சத்தை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளவும் பூனையின் உடம்பால் முடியாது.

உலர்த்துவது

கறியை வெட்டும் முன் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். லேசாக இறுகிய கறியை ஒரே கனத்தில் வெட்டலாம். 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும். எல்லாம் ஒரே கனம் என்பதுதான் முக்கியம், இல்லையென்றால் மெல்லியது கருகும்போது தடித்தது ஈரமாக இருக்கும். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் இழுத்துக் கடிக்கிற மாதிரி வரும். குறுக்கே வெட்டினால் பொடிப்பொடியாக உடையும். ராகிக்கு நீளவாக்கில், பூனை சுண்டுவுக்குக் குறுக்கே.

வெந்த துண்டுகளைத் துணியில் ஒற்றி, தட்டில் இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். டீஹைட்ரேட்டர் என்றால் 70 டிகிரியில் நாலு முதல் ஆறு மணி நேரம். ஏர்ஃப்ரையரில் 80 டிகிரிக்கு இறக்க முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆகிவிடும், நடுவில் திருப்பிப் போடுங்கள். ஓடிஜி அடுப்பில் பெரும்பாலும் 100 டிகிரிக்குக் கீழே போகாது. அதன் கதவைச் சாத்தாமல் ஒரு மரக்கரண்டியைச் செருகி வைத்தால் உள்ளே சேரும் ஆவி வெளியேறும், சூடும் கொஞ்சம் குறையும். ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் கறி காயாது, வேகும். மைக்ரோவேவ் இதற்கு ஆகாது.

அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. 120, 130 டிகிரி வைத்தால் மேல்பரப்பு சட்டென்று காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கும். தொட்டால் கல் போல இருக்கும், டப்பாவில் போட்ட மூன்றாம் நாள் அந்த ஈரம் மெதுவாகக் கசிந்து மேலே வரும். ஐப்பசியில் எனக்கு ஆனது அதுதான்.

காய்ந்ததா என்று சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள், சூட்டில் எல்லாமே நெகிழ்ந்து தெரியும். ஒரு துண்டை எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு வளையுங்கள். டக்கென்று சத்தத்தோடு உடைந்து, உடைந்த இடமும் ஓரம் போலவே ஒரே நிறமாக, வறட்சியாக இருக்க வேண்டும். இன்னும் நம்பகமான சோதனை தராசு. எலும்பில்லாத நெஞ்சுக்கறி 1 கிலோ எடுத்தால் முடிவில் 250 முதல் 300 கிராம் வரும். 400 கிராம் இருக்கிறது என்றால் இன்னும் தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், திரும்ப உள்ளே வையுங்கள்.

சரி, அக்கா கேட்ட வெயில்? நம் வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும், இறைச்சிக்கு அது மிக மோசமான சூடு. 5 முதல் 60 டிகிரி வரை கிருமி பெருகும் எல்லை, 40 அதன் நட்டநடுவில் இருக்கிறது. உப்பும் இல்லாமல் அந்தச் சூட்டில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தால், ஈ உட்காருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரப்பதமும் அதிகம், காய்வது மெதுவாகத்தான் நடக்கும். வெந்த சர்க்கரைவள்ளியை வேண்டுமானால் வலைத்துணி போட்டுக் கத்திரி வெயிலில் காயவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தை அடுப்பில் முடிக்கலாம். கறியும் மீனும் மாடிக்குப் போகவே கூடாது.

சேர்க்கக் கூடாதவை

எதுவுமே சேர்க்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒரு டப்பாவில் ஒரே பொருள். நாய்க்கு அரிப்போ பேதியோ வந்தால் எதனால் என்று உடனே தெரியும். கடைப் பாக்கெட்டில் பன்னிரண்டு பொருள் இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனாலும் வீட்டில் யாராவது 'கொஞ்சம் வாசனைக்கு' என்று எதையாவது தூவுவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. அவை நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். பூனைக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். பொடியாக இருந்தால் வீரியமும் கூடும், கடையில் வாங்கும் சிக்கன் மசாலாவிலும் சூப் கட்டியிலும் அவை இருக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு மருத்துவர்கள் சொன்னார்கள். அதே அமிலம் ஏராளமாக இருக்கும் இன்னொரு பொருள் நம் வீட்டில் ஜாடி ஜாடியாக இருக்கிறது: புளி. புளிக்குழம்பில் ஊறிய மீன்துண்டை நாய்க்குப் போடும் பழக்கத்தை இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். சாக்லேட்டும் கூடாது. சர்க்கரையில்லாத பபிள்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்புப்பொருள் நாயின் ரத்தச் சர்க்கரையை நிமிடங்களில் கீழே தள்ளிவிடும். வெந்த எலும்பையோ உலர்ந்த எலும்பையோ ட்ரீட் என்று நினைக்காதீர்கள், கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எவ்வளவு கொடுப்பது

நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட் போகக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். அதில் பத்தில் ஒன்று 85. உலர்ந்த கோழி ஒரு கிராமுக்கு 4 கலோரி. ஆக, மொத்தமே 20 கிராம். வீட்டுக்குள் வளரும் 4 கிலோ பூனைக்கு ஐந்தாறு கிராம், அதாவது இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் அளவு. கையில் எடுத்தால் எடையே தெரியாத துண்டு என்பதால் நம் கை ஏமாந்துவிடும். 20 கிராம் உலர் துண்டு என்பது 70 கிராம் பச்சைக்கறி. அதனால் காலையிலேயே அன்றைய பங்கை நிறுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுகிறேன். யார் கொடுத்தாலும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான். பிள்ளைகள் ஆளுக்கு ஆள் கொடுத்து ராகி 18 கிலோவுக்குப் போனபிறகு வந்த ஏற்பாடு இது.

இது உணவுக்கு மாற்றும் அல்ல. வெறும் உலர்கறியில் கால்சியம் இல்லை, இன்னும் பல சத்துகள் இல்லை. சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி உள்ள நாயோ பூனையோ என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு துண்டும் கொடுக்காதீர்கள். பூனைகள் தண்ணீர் குடிப்பதில் சோம்பேறிகள் என்பதால் சுண்டுவுக்கு நான் உலர்கறியைப் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு ஸ்பூன் விட்டு, அதன் சாப்பாட்டின் மேல் தூவிவிடுகிறேன். அந்த வாசனைக்குத் தட்டைத் துடைத்து வைத்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, கடையில் கிடைக்கிறதே என்றால், நல்ல தயாரிப்புகள் கடையிலும் உண்டு. ஆனால் 2007 முதல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நாய்கள் ஜெர்க்கி ட்ரீட் சாப்பிட்டு நோயுற்றதாகவும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இறந்ததாகவும் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வந்தன. பெரும்பாலானவை சீனாவில் தயாரானவை, பல நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. வருடக்கணக்கில் ஆராய்ந்தும் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. அதைப் படித்ததிலிருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிந்த டப்பாவிலிருந்துதான் ராகிக்குக் கொடுக்கிறேன்.

எடுத்து வைப்பது

நன்றாக ஆறியபிறகு, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி மட்டும் நிரப்பி மூடி, ஒரு நாள் ஃப்ரிட்ஜுக்கு வெளியே கண்ணில் படும்படி வையுங்கள். காலையும் மாலையும் குலுக்குங்கள். பாட்டிலின் உள்பக்கம் மங்கலாகவோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியோ இருந்தால் அன்றே எடுத்து இன்னும் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். எதுவும் இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம், ஃப்ரீசரில் மூன்று மாதம். அலமாரியில் வேண்டாம். எண்ணெய்ச் சத்துள்ள மீனையும் ஈரலையும் ஃப்ரீசரில் மட்டும் வைக்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை ஈரக்கையோடு திறப்பதும், திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதும் உங்கள் எட்டு மணி நேர வேலையைக் கெடுத்துவிடும். மழைக்காலக் காற்றில் உலர்ந்த துண்டு அப்பளத்தைவிட வேகமாக நமத்துப்போகும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை இதற்குள் போடாதீர்கள். கறி வாசனை ஏறிய பொட்டலத்தை நாய் பிரித்துப் பார்க்காது, விழுங்கிவிடும்.

தேதியை ஒட்டி வையுங்கள். முதல் நாள் ஒரே ஒரு சின்னத் துண்டு, நீங்கள் பக்கத்தில் நின்று அது மென்று தின்கிறதா, அப்படியே விழுங்குகிறதா என்று பாருங்கள். விழுங்கும் நாயென்றால் பட்டாணி அளவுக்கு உடைத்துக் கொடுங்கள். மறுநாள் காலை மலம் வழக்கம்போல் இருந்தால் இன்னொரு துண்டு கொடுக்கலாம். அக்கா வீட்டுச் சிப்பிப்பாறை நாய்க்கு இப்படித்தான் ஒரு நுரையீரல் துண்டில் ஆரம்பித்தோம். இப்போது சனிக்கிழமை இரவுகளில் எங்கள் டீஹைட்ரேட்டரின் மேல்தட்டு அவருடையது.